முன்வரிசையில் மாப்பிள்ளை

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். யாராவது லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் போன் வரும். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள், கதவை உதைப்பார்கள், அவனுடைய கம்பெனியின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ள எத்தன பேர் இருக்கீங்க? காத்து நல்லா வரும், பயப்படாதீங்க. கதவ மட்டும் தள்ளாதீங்க. பக்கத்துலதான் இருக்கேன், வந்துட்டேன்" என்பான். அப்போது பெரும்பாலும் ஊரின் இன்னொரு மூலையில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். கோபம் என்பதே வராத பிறவி. எங்கள் வீட்டுக் கோபம் மொத்தத்தையும் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டதாக அம்மா சொல்வாள். அது உண்மைதான்.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்த மூன்றாம் மாடி வீட்டில் அம்மாவும் அவனும் மட்டும்தான். வாரம் முழுக்க லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி, கழுத்தில் டார்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, மேலே பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்ட ஆள். அவனுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம்.

ஆட்டம் என்றால் கம்ப்யூட்டரில் ஆடுவது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், அவரவர் வீட்டில் இருந்தபடி காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசிப் பேசி ஆட வேண்டும். யார் முதலில் எதிராளியின் கோட்டையை உடைக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. அண்ணன்தான் டீம் தலைவன். ஆனால் வாளை வீசிக்கொண்டு ஓடுகிற வேஷத்தை எடுக்கமாட்டான். வைத்தியர் வேஷம்தான் எடுப்பான். அடிபட்டவர்களின் பின்னால் ஓடி ஓடி உயிர் ஏற்றும் வேலை. ஜெயித்தால் பேர் அடுத்தவனுக்கு, தோற்றால் பழி இவனுக்கு. ஆனாலும் அதில் அவன் கெட்டிக்காரன். யாருக்கு அடி விழப்போகிறது என்பது விழுவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள்கூட ஆட்டம் முடிந்ததும் அவனுக்குச் செய்தி அனுப்பிப் பாராட்டுவார்கள். அதை அம்மாவிடம் படித்துக் காட்டுவான். அம்மாவுக்கு ஒன்றும் புரியாது, சிரிப்பாள்.

டீமில் இன்னும் நான்கு பேர். பேக்கரியில் வேலை செய்யும் ஒருவர், ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் இரண்டு சிநேகிதர்கள், ஒரு நர்ஸ். நர்ஸுக்கு முன்வரிசைக் காவல் வேலை. கேடயத்தோடு எல்லாருக்கும் முன்னால் நின்று, விழுகிற அடியை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் முன்னால் நின்று வாங்குவாள், அண்ணன் பின்னால் நின்று ஏற்றுவான். அப்படி ஒரு ஜோடிப் பொருத்தம். அந்த நர்ஸை எடுத்துவிட்டு அவள் இடத்தில் அண்ணன் கொண்டுவந்து நிறுத்திய ஆள்தான் என் வீட்டுக்காரர்.

ஏன் என்று சொல்ல வேண்டும். அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் சொல்லிவைத்து, கெஞ்சி, அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை வாங்கியிருந்தார். அன்றைக்கு அப்பாவுக்கு மூச்சு வாங்கியதில் பயந்துபோய், அண்ணன் அவரை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான். இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டருக்கு முன்னால் இவர் தலை குனிந்து நிற்க வேண்டியதாயிற்று. "என்ன ஒரு மனுஷனாவே மதிக்கல" என்றார். அப்பா போன அன்றைக்கு வந்தார், வாசலில் நின்றார், போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தப் படியை மிதிக்கவில்லை.

என்னைப் போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தடுத்தது அம்மா. நான் தனியாகப் போய் நின்றால் அழுதுவிடுவாள். "தனியா வராதம்மா. பக்கத்து வீட்டுல கேக்குறாங்க, எனக்குப் பதில் சொல்ல முடியல. அவரோட வர முடிஞ்சா வா" என்று என்னை வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பியவள் அவள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபிறகு பார்க்கவில்லை. போனில் அவளுடைய குரல் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டே போனது. 

இந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கால் பிசகி, கட்டுப்போட்டு, வீட்டில் இருந்தார். கேள்விப்பட்ட அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்ததைச் செய்தான். 'டீமில் ஒரு ஆள் குறைகிறது, வருகிறீர்களா மாப்பிள்ளை' என்று செய்தி அனுப்பினான். ஆள் ஒன்றும் குறையவில்லை. அன்று காலைதான் அந்த நர்ஸிடம் கெஞ்சிக் கேட்டு அவளை விலக வைத்திருக்கிறான். இவர் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, "உங்க அண்ணன் கூப்பிடுறான். மாட்டேன்னா நல்லா இருக்காது" என்றார். அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

தூரத்தில் இருந்து ஆடினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று அண்ணன் அடுத்த பொய்யைச் சொன்னான். அதனால் ஞாயிறுதோறும் நாங்கள் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தோம். மாப்பிள்ளைக்கென்று முதுகு சாய்க்கிற சுழல் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டான். இவன் சாப்பாட்டு மேஜையின் மர நாற்காலியில். மின்விசிறியும் அவர் பக்கம்தான் திரும்பியிருக்கும். அவர்கள் இருவரும் அறைக்குள் போனதும் அம்மா எனக்குக் கிடைப்பாள். அவளுக்குத் தலைக்கு ஊற்றுவேன், முடியைக் காயவைப்பேன், நகம் வெட்டுவேன், நடைவண்டியின் காலில் தேய்ந்த ரப்பரை மாற்றுவேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் நான்; அவளுடைய கண்ணாடியைத் துடைத்து, தளர்ந்த திருகை முடுக்கி மாட்டிவிடுவேன். அம்மா பேசிக்கொண்டே இருப்பாள். ஒரு வாரத்துக்கு எனக்கு அது போதும்.

சரி, மாப்பிள்ளையின் ஆட்டத்துக்கு வருவோம்.

அவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். ஒவ்வொரு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். ஆட்டத்திலும் அதே. சண்டை நடக்கிற இடத்துக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு பானையோ கல்தூணோ இருந்தால் நின்று சுற்றிப் பார்ப்பார். அதன்மேல் எழுதியிருப்பதைப் படிப்பார். அதற்குள் பின்னால் இருக்கிற நான்கு பேரும் மொத்து வாங்கிச் செத்திருப்பார்கள். சில சமயம் திடீரென்று ரோஷம் வந்து, யாரும் கூப்பிடாமலே எதிராளிக் கூட்டத்துக்குள் தனியாகப் போய் நிற்பார். எதிராளிகளே ஒரு நிமிஷம் குழம்பிப்போவார்கள். சின்ன வயதில் நாங்கள் விளையாடும்போது ஆடத் தெரியாத பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை அவுட்டானாலும் கணக்கில் வராது. இங்கே அந்த வசதி இல்லை. இவர் விழுந்தால் எல்லாரும் விழ வேண்டும்.

இதில் அண்ணனுக்கு இன்னொரு சங்கடம். மற்றவர்களை "பின்னாடி வா", "ஓடு", "அடி" என்று ஒற்றைச் சொல்லில் விரட்டுவான். மாப்பிள்ளையை அப்படி விரட்ட முடியுமா? அடுக்களையில் இருக்கும் எனக்குக் கேட்கும்: "மாப்பிள்ள, சிரமம் இல்லன்னா கொஞ்சம் இடப்பக்கமா வந்தீங்கன்னா நல்லா இருக்கும்." அந்த வாக்கியம் முடிவதற்குள் மாப்பிள்ளை காலியாகியிருப்பார். "பரவால்ல மாப்பிள்ள, நெட்டு கொஞ்சம் ஸ்லோ" என்பான் அண்ணன். நெட் அந்த வீட்டில் பறக்கும்.

தோற்றார்கள். தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஒரு காலத்தில் போட்டியின் மேல் பிரிவுக்கு ஏறப்போகிறது என்று பேசப்பட்ட டீம், கீழ்ப் பிரிவின் அடியில் கிடந்தது. பேக்கரிக்காரர் விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைகிறவர். தூக்கத்தை விட்டுவிட்டு வந்து ஆடுகிறார். அவர் ஆட்டம் முடிந்து அண்ணனிடம் கத்துவது போனுக்கு வெளியே கேட்கும். அண்ணன் மாடியின் நடைவழிக்குப் போய் நின்று, "அடுத்த வாரம் சரியாயிடும்ண்ணே" என்று மென்று முழுங்குவான். திரும்பி வந்து மாப்பிள்ளைக்கு டீயைக் கொடுத்து, "இன்னிக்கு நல்லா ஆடுனீங்க" என்பான். எனக்கு ஆத்திரமாக வரும். வாயே திறக்காமல் இந்த மனுஷன் இன்னும் எவ்வளவு நாள் இப்படி விழுங்குவான் என்று இருக்கும். ஆனால் நானும் வாய் திறக்கவில்லை. திறந்தால் எனக்கு எது போகும் என்று எனக்குத் தெரியும்.

பொறுத்துப் பார்த்த பேக்கரிக்காரர் போனில் ஒரு புதுக் குரூப் ஆரம்பித்தார். மாப்பிள்ளையைத் தவிர மற்ற நால்வர் மட்டும் அதில். மாப்பிள்ளையை எப்படிக் கழற்றிவிடுவது என்று பேசத்தான் அந்தக் குரூப். அண்ணன் அப்போது ஏதோ ஒரு கட்டடத்தில் குழிக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறான். புதுக் குரூப் வந்திருக்கிறதே என்று கிரீஸ் கையோடு திறந்து பார்த்தால் மாப்பிள்ளை பேர் இல்லை. பாவம், மறந்துவிட்டார்கள் போல. அவருக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும் என்று, என்ன ஏது என்று கேட்காமல் அவரையும் சேர்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இந்த உலகத்தில் என் அண்ணனைத் தவிர வேறு யாரும் அந்தக் காரியத்தைச் செய்திருக்கமாட்டார்கள்.

அது எனக்குத் தெரியவந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆட்டத்தின் நடுவில் அண்ணனுக்குப் போன் வந்தது. எங்கோ ஒரு குடும்பம் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. "நீங்க ஆடுங்க மாப்பிள்ள, வந்துடுறேன்" என்று ஓடிவிட்டான். வைத்தியர் இல்லாத டீம், முன்வரிசையில் இவர், நொடியில் முடிந்துவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க வா. கதவச் சாத்து" என்றார்.

போனை என்னிடம் நீட்டினார். பேக்கரிக்காரர் எழுதியிருந்தார்: 'அங்க நின்னு அப்படி என்னத்தத்தான் படிக்கிறார்? அவருக்குப் பதிலா ஒரு மரத்த நட்டு வச்சாக்கூட நாலு அடி தாங்கும்.' அதற்கு மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை முகங்களைப் போட்டிருந்தார்கள். இன்னும் நிறைய இருந்தது. கடைசியில் அண்ணன் எழுதியிருந்தான்: 'அவர் இல்லாத டீம்ல நானும் இல்ல. இந்தப் பேச்ச இதோட விட்ருங்க.'

லேப்டாப்பை மூடுவார், எழுந்திருப்பார், படியிறங்குவார், இந்தத் தடவை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"இத யாரு உங்களுக்குக் காட்டுனது?"

"உங்க அண்ணன்தான் என்னச் சேத்தான். விட்டுப்போச்சுன்னு நெனச்சிருப்பான். யாரையும் விடமாட்டானே அவன். நான் உள்ள இருக்கறத மத்தவங்க கவனிக்கல, சேத்தத இவனும் மறந்துட்டான்." சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. "அந்தாளு கரெக்டாத்தான் எழுதியிருக்கார். எனக்கு இது வரலம்மா. பிடிக்கவும் இல்ல. சனிக்கிழமையே, நாளைக்கு ஆடணுமேன்னு இருக்கு. ஃபேக்டரில சரியில்லாத பெட்டிய நான் ஓரமா எடுத்து வைப்பேன். என்னயும் அப்படி யாராவது எடுத்து ஓரமா வச்சா நிம்மதி."

"அப்ப இத்தன நாளா எதுக்கு ஆடுனீங்க?"

"நானா விட்டா உங்க அண்ணன் என்ன நெனப்பான்? மறுபடியும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்னுதான. அதுவும் இப்ப விட்டா, இதப் படிச்சுட்டுத்தான் போறேன்னு ஆயிடும். என்னச் சேத்ததுக்கு அவன் மனசு ஒடஞ்சிடும்." கண்களைத் தேய்த்துக்கொண்டார். "நீயே சொல்லு. நான் நிறுத்திக்கிட்டா வருத்தப்படுவானா?"

மாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு கேள்வி வந்துவிட்டது. "ஆட்டம் இல்லன்னா ஞாயித்துக்கிழம இங்க வந்து என்ன செய்வீங்க?"

அவர் யோசித்தார். அவரும் அதை அதுவரை யோசிக்கவில்லை. "என்ன செய்றது. நானும் உங்க அண்ணனும் உக்காந்து என்னத்தப் பேசுறது? பழசு எதாவது வரும். வேண்டாம். நீ எப்பயாவது வந்து அம்மாவப் பாத்துட்டுப் போ."

எப்பயாவது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் நடைவண்டி தரையில் இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணன் ரொம்ப வருத்தப்படுவான்" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் ஆடுங்க."

அவர் தலையாட்டிவிட்டு ஹெட்செட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு அம்மாவுக்குத் தலை வாரும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மரம் நட்டு வைக்கிற இடத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "ரெண்டு பேருமே பாவம்" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு மதியம் அந்த அறைக் கதவைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. உள்ளே பிடிக்காமல் ஆடும் ஒருவர், அவருக்காகத் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒருவன். ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருந்தே இருவரும் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். வெளியே நான். கதவைத் திறந்துவிடலாம். திறந்தால் அம்மா இல்லை.

அந்த நர்ஸ் விலகிப்போய்ச் சேர்ந்த டீம் இதற்குள் மேல் பிரிவுக்கு ஏறியிருந்தது. அந்த டீமில் வைத்தியராக ஆடியவர் வேலை மாறிப் போய்விட, அந்தப் பெண்ணுக்கு என் அண்ணன் ஞாபகம் வந்திருக்கிறது. தன்னை அனுப்பிவிட்டவன் என்ற கோபம்கூட இல்லை அவளுக்கு. 'உங்களை மாதிரிக் காப்பாற்றுகிற ஆள் எங்களுக்கு வேண்டும். ஞாயிறு மதியத்துக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள்.

அண்ணன் அதை என்னிடம் காட்டியபோது நான் அம்மாவின் அறையில் தரையில் உட்கார்ந்து அவளுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அடுத்த அறையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தார். அண்ணன் உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினான். குழிக்குள் பத்திரமாக இறங்குகிறவன், என் அருகில் உட்காரும்போது முட்டியைக் கட்டிலில் இடித்துக்கொண்டான்.

"மேல் பிரிவு" என்றான். "என்னத் தேடி வந்து கேக்குறாங்க." அந்த வயதிலும் அவன் காது மடல் சிவந்திருந்தது. "அதுல ஆடுனா இதுல ஆட முடியாது. ஒரே நேரம்."

"சரி."

"மாப்பிள்ளகிட்ட பக்குவமா எடுத்துச் சொன்னா? அவரும் ஆசையா ஆடுற மாதிரி எனக்குத் தெரியல. சில நேரம் பெருமூச்சு விடுறாரு. எனக்காகத்தான் வர்றாரோன்னு இருக்கு." என் முகத்தையே பார்த்தான். "உனக்குத்தான் தெரியும். நான் போயிட்டா அவரு வருத்தப்படுவாரா?"

என் அண்ணன் என்னிடம் எதையும் கேட்டவன் இல்லை. என் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்தியபோதுகூட வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவனும் விடுபடுவான், அடுத்த அறையில் இருப்பவரும் விடுபடுவார். அது உண்மையாகவும் இருந்தது. அம்மாவின் பாதம் என் மடியில் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும். அவளாவது சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"வருத்தப்படுவார்ணா" என்றேன்.

"ரொம்பவா?"

"இந்தப் பக்கமே வரமாட்டார்."

அவன் போனைப் பார்த்தான். "சரி, சரி. அப்ப வேண்டாம்" என்றான். நான்தான் ஏதோ கஷ்டத்தில் இருக்கிறேன் என்பதுபோல என் தோளைத் தட்டினான். அங்கேயே உட்கார்ந்து கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அந்த நர்ஸுக்குப் பதில் அனுப்பினான். என்ன எழுதினான் என்று நான் பார்க்கவில்லை. எழுந்துபோனான். அடுத்த அறையில் அவன் குரல், "ஆரம்பிக்கலாமா மாப்பிள்ள?" என்று கேட்டது. "ஆரம்பிக்கலாம் மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு குரலிலும் உற்சாகத்துக்குக் குறைச்சல் இல்லை.

அவனுக்கு நான் செய்தது துரோகம்தான். தெரிந்தே செய்தேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையே சொல்வேன்.

அம்மா அந்தக் காலை மெதுவாக எடுத்துக்கொண்டு மற்றக் காலை என் மடியில் வைத்தாள்.

"அடுத்த வாரமும் வருவீங்கல்ல?" என்றாள்.

"வருவோம்மா" என்றேன்.